காய்ந்துபோன பத்துக் குப்பிகள்

1. விதி

"பாம்புக்கடிக்கான சீரம் எந்நேரமும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அதை எக்காரணம் கொண்டும் பூட்டியோ முத்திரையிட்டோ வைக்கக் கூடாது." எங்கள் மருந்துக் கிடங்குக் கையேட்டில் இருந்த விதி இது. நான்கு பக்கம் தள்ளி இன்னொரு விதி இருந்தது: "சரிபார்ப்பின்போது இயல்பு மாறிக் காணப்படும் மருந்தை முத்திரையிட்டு, மேலிடத்து உத்தரவு வரும்வரை எவரும் தொடக் கூடாது." இரண்டையும் ஒரே ஆள்தான் எழுதியிருக்க வேண்டும். முதலாவதைக் காலையிலும் இரண்டாவதைச் சாப்பாட்டுக்குப் பிறகும் எழுதியிருப்பார்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அரசாணைப்படி மருந்தாளுநர், ஊரார் வாயில் கடைசிவரை கம்பவுண்டர். இப்போது பணியில் சேருகிற இளைஞர்கள் அந்தக் காலத்துச் சங்கதி ஏதாவது எழுதச் சொன்னார்கள். பெருமைப்படத்தக்க சங்கதிகளை எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் இதை எழுதுகிறேன்.

வருடம் 1970. இடம் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கிராமம். ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே எனக்கு இன்னும் வேண்டியவர்கள் இருக்கிறார்கள். கோட்டையில் ஆட்சி மாறி மூன்று வருடமாகியிருந்தது. படிவங்கள் எல்லாம் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்துவிட்டன. நிரப்புகிறவர்கள் அப்படியே இருந்தார்கள்.

எங்கள் நிலையத்தில் ஒரு டாக்டர், ஒரு சிஸ்டர், நான், நான்கு கட்டில், மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு ஃபிரிஜ். அந்த ஃபிரிஜ்ஜின் திரியைச் சரியாக வைக்கத் தெரிந்தவர் மாவட்டத்திலேயே ஒருவர்தான் இருந்தார், அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். திரவ சீரம் இரண்டு முறை அதில் கெட்டுப்போனதால், டாக்டர் எழுதிக் கேட்டு, அந்த ஆடி மாதம் வேறு வகை வரவழைத்தார். பத்துக் குப்பி சீரம், உறையவைத்து உலர்த்தியது. கூடவே பத்து ஆம்பூல் காய்ச்சி வடித்த தண்ணீர்.

இளைஞர்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சீரத்தை உறையவைத்து, வெற்றிடத்தில் வைத்து, அதிலுள்ள ஐஸை உருகவிடாமலே ஆவியாக இழுத்துவிடுவார்கள். மிஞ்சுவது குப்பியின் அடியில் ஒட்டிய வெளிர்மஞ்சள் வில்லை. தொட்டால் பொடியாகும். ஆனால் உள்ளமைப்பில் அது கண்ணாடி. திரவத்தில் அலைந்துகொண்டிருந்த புரதங்கள் எல்லாம் அந்தந்த இடத்திலேயே இறுகி நின்றுவிடும். அசைய முடியாததால் கெடவும் முடியாது. ஃபிரிஜ் இல்லாமல் வருடக்கணக்கில் அலமாரியில் கிடக்கும். அரசாங்கத்தில் மட்டும் இந்த விஞ்ஞானம் பொருந்துவதில்லை. அங்கே அசையாமல் கிடப்பவைதான் முதலில் கெடும்.

2. சிமெண்ட் தெரிந்தவர்

ஆவணியில் இருப்புச் சரிபார்ப்புக்கு மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நேர்மையானவர். எங்கள் டீயைக்கூடக் குடிக்க மாட்டார். அதற்கு முன் பத்து வருடம் சிமெண்ட் கிடங்குகளைச் சரிபார்த்தவர். இறுகிப்போன மூட்டை கழிவு என்பது அவர் ரத்தத்தில் ஊறியிருந்தது.

ஒரு குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"என்னய்யா இது, காஞ்சு கெடக்கு?"

"அப்படித்தான் சார் வரும்."

"போன வருஷ ரிஜிஸ்டர்ல திரவம்னு இருக்கு. குப்பிக்குப் பத்து மில்லி. இப்ப ஒரு சொட்டு இல்ல. நூறு மில்லி எங்க போச்சு?"

"இது வேற வகை சார். தண்ணியை எடுத்துட்டு அனுப்புவாங்க. நாம தேவைப்படும்போது திரும்பச் சேர்க்கணும்."

அவர் அடுத்த தட்டுக்குப் போனார். அங்கே தண்ணீர் ஆம்பூல்கள் இருந்தன. எண்ணினார். பதிவேட்டைப் புரட்டினார். பழைய இருப்பில் அவை இல்லை. மெதுவாகத் திரும்பினார். ஒரு திருட்டைக் கண்டுபிடித்த மனிதரின் அமைதி முகத்தில் இருந்தது.

"பத்து ஆம்பூல். ஒண்ணுக்குப் பத்து மில்லி. சரியா நூறு மில்லி. சீரத்துலேருந்து தண்ணியைப் பிரிச்சுத் தனியா வச்சிருக்கியா?"

"பிரிச்சது உண்மைதான் சார். ஆனா நான் பிரிக்கல. தயாரிக்கிற எடத்துல பிரிச்சாங்க."

முதல் வாக்கியத்தை மட்டும் எழுதிக்கொண்டார்: பிரித்தது உண்மைதான் என்று மருந்தாளுநர் ஒப்புக்கொண்டார்.

பத்துக் குப்பிகளையும் ஒரு காடாத் துணிப் பையில் போட்டுக் கட்டி, அரக்கு உருக்கி முத்திரை வைத்தார். தண்ணீரை மட்டும் வெளியே விட்டுவைத்தார். அது நல்ல நிலையில் இருந்ததாம்.

"நடவு வருது சார். வயலெல்லாம் பாம்பு. சீரம் இல்லாம என்ன பண்றது?"

"இண்டென்ட் போடு."

போட்டேன். என் கேட்புச் சீட்டை மாவட்டக் கிடங்கு திருப்பி அனுப்பியது: தங்கள் பதிவேட்டின்படி பத்துக் குப்பிகள் இருப்பில் உள்ளன. எனவே புதிதாக வழங்க இயலாது.

3. என் விளக்கம்

இந்த இடத்தில் என் தவறு தொடங்குகிறது.

ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் போதும். "இது உலர்த்தித் தயாரிக்கப்பட்ட வகை, லேபிளைப் பார்க்கவும்." நான் இரண்டு பக்கம் எழுதினேன். சென்னையில் படித்தவன், விதிகளைத் தலைகீழாகச் சொல்பவன், முப்பது வயது. சிமெண்ட் பார்த்தவர் என்னைத் திருடன் என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். "பால் பவுடர் டப்பாவைத் திறந்து பார்த்து மாடு வறண்டுவிட்டது என்று அறிக்கை எழுதுவதை ஒத்த இந்தக் கண்டுபிடிப்பு" என்று ஒரு வாக்கியம் எனக்கு இன்னும் மனப்பாடம். எழுதி முடித்ததும் டாக்டரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் என்னைவிட இரண்டு வயது இளையவர். சிரித்தார். பிறகு யோசித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது யாருகிட்டப் போகும்?"

"மேலதிகாரிகிட்ட."

"அவரு யாருகிட்டக் கருத்துக் கேப்பாரு?"

நடைமுறைப்படி, சரிபார்த்த அதிகாரியிடம்தான் கேட்பார். எனக்கு அது தெரியும். தெரிந்தும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். வாக்கியம் அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. மாதங்கள் கழித்து அந்தச் சரிபார்ப்புப் பிரிவின் எழுத்தர் ஒருவர் பஸ் நிலையத்தில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "உங்க ஃபைலு சாரோட மேஜை டிராயர்லயே இருக்குங்க. அந்த மாட்டு விஷயம் அவருக்குப் பிடிக்கல."

4. இருப்பில் இல்லை

ஐப்பசியில் அஞ்சலையைக் கொண்டுவந்தார்கள். நடவுக்குப் போகும் பெண்களுக்குத் தலைமையாள் அவர், விவசாயத் தொழிலாளர் சங்கத்திலும் முன்னால் நிற்பவர். வரப்பில் கிடந்த நாற்றுக்கட்டைத் தூக்கியபோது அடியிலிருந்து கடித்திருக்கிறது. வலது கையைப் புடவைக் கிழிசலால் இறுகக் கட்டியிருந்தார்கள். கை அதற்குள் வீங்கிப் பளபளத்தது.

டாக்டர் அன்று மன்னார்குடியில் குடும்பக் கட்டுப்பாடு முகாமில் இருந்தார். நானும் சிஸ்டரும்தான்.

"மருந்து இருக்குதாங்களா?" என்று அஞ்சலையே கேட்டார்.

துணிப்பை அவருக்கு நேர் எதிரே அலமாரியின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்தது. நான் சொன்னேன்: "இருப்புல இல்லம்மா."

இதில் பொய் இல்லை. முத்திரையிட்ட மருந்து கையிருப்புக் கணக்கில் வராது. கட்டைத் தளர்த்தி, சீட்டு எழுதிக் கொடுத்து, தாலுகா ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏற்றிவிட்டோம். பஸ் வழியில் இரண்டு இடத்தில் நின்று நாற்று ஏற்றியதாம். அஞ்சலை பிழைத்தார். சுண்டு விரலும் மோதிர விரலும் அழுகி, எடுத்துவிட்டார்கள். உடனே சீரம் போட்டிருந்தாலும் விரல்கள் போயிருக்கலாம், விரியன் கடி அப்படி என்று டாக்டர் பிறகு எனக்குச் சொன்னார். அந்த வாக்கியத்தை நான் பல வருடம் பயன்படுத்திப் பார்த்தேன். வேலை செய்யவில்லை.

5. ஆட்டும் முறை

தை மாதம் அறுவடையில் தகராறு. சங்கம் கூலி நெல்லை உயர்த்திக் கேட்டது. மிராசுதார் மறுத்து, வெளியூர் ஆட்களை இறக்கினார். அவர்களை மேய்க்க, அவருடைய நிலங்களைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் வயலில் இறங்கினார். இரண்டு தரப்பையும் தாசில்தார் மூன்று முறை கூப்பிட்டிருந்தார். மூன்று முறையும் ஒரு தரப்பு உள்ளே உட்கார்ந்தால் மறு தரப்பு வெளியே நின்றது.

ஒரு நாள் முற்பகல் சங்கத்துக்காரர்கள் ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு எங்கள் நிலையத்துக்குள் ஓடிவந்தார்கள். கட்டிலில் காரியக்காரர். அறுத்துப் போட்ட நெல் அரியின்மேல் கால் வைத்திருக்கிறார், கெண்டைக்காலில் கடி. வெளியூர் ஆட்கள் பஸ் பிடிக்க ஓடிவிட்டார்கள். பந்தோபஸ்து போலீசார் டீ குடிக்கப் போயிருந்தார்கள். வரப்பில் நின்று அவரை வைதுகொண்டிருந்தவர்கள்தான் தூக்கி வந்திருந்தார்கள். முன்னால் அஞ்சலை. ஒருவர் கையில் சாக்கு, சாக்குக்குள் அடிபட்ட பாம்பு.

"கண்ணாடி விரியங்க. கொண்டாந்திருக்கோம், நல்லாப் பாத்துக்குங்க," என்றார் அஞ்சலை. "இவரு செத்தா எங்க நாப்பது பேரு மேலயும் கொலைக் கேசு. பாம்பு கடிச்சுதுன்னா எந்தப் போலீசு நம்பும்? பாம்பையும் சங்கத்து மெம்பருன்னு எழுதிருவாங்க."

கட்டிலில் கிடந்த காரியக்காரர் கண்ணைத் திறந்து, "எழுதத்தான் எழுதுவாங்க," என்றார். ஈறிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

டாக்டர் பார்த்தார். "அஞ்சு குப்பி உடனே வேணும். தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போற வரைக்கும் தாங்காது."

போகவும் வழியில்லை. நெல் லாரி வராமலிருக்கச் சங்கத்துக்காரர்களே சாலையில் பனைமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள்.

டாக்டரும் நானும் துணிப்பையைப் பார்த்தோம்.

"சீலை உடைச்சா சஸ்பென்ஷன் எனக்கா, உங்களுக்கா?"

"ரெண்டு பேருக்கும் சார். பதவி வரிசைப்படி மொதல்ல உங்களுக்கு."

அதற்குள் மிராசுதாரின் கார் வந்து நின்றது. மனிதர் மூச்சிரைக்க உள்ளே வந்தார். பையைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருந்தார். கிராமத்தில் எதுதான் தெரியாது. "அது செத்துப்போன மருந்துன்னு ஆபீசரே எழுதிட்டுப் போனாருல்ல? அதையா ஏத்தப் போறீங்க?"

நான் வாய் திறக்குமுன் அஞ்சலை சொன்னார்: "காஞ்சா செத்துருமாங்க? உங்க வீட்டு விதைநெல்லு காஞ்சுதானே கெடக்கு. பல்லுல கடிச்சா டிக்குனு ஒடியிற வரைக்கும் காயப்போடணும்னு எங்கள வெயில்ல நிறுத்துனது நீங்கதானே. தண்ணி பட்டா மொளைக்குதுல்ல?"

இரண்டு பக்க விளக்கத்தில் நான் சொல்லத் தவறியது இதுதான். விதைநெல்லின் உள்ளேயும் காயும்போது இதே போல ஒரு கண்ணாடி நிலைதான் உண்டாகிறது என்று இருபது வருடம் கழித்து ஒரு சஞ்சிகையில் படித்தேன். அஞ்சலைக்குச் சஞ்சிகை தேவைப்படவில்லை.

அப்போதுதான் இரண்டாவது விதியின் கீழே இருந்த துணைவிதி எனக்கு நினைவு வந்தது: அவசர நிமித்தம் உள்ளூர்ச் சாட்சிகள் இருவர் முன்னிலையில் மகசர் எழுதி முத்திரையை நீக்கலாம். நான் கையேட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பக்க எண் தெரியும். ஐப்பசியிலும் அது அதே பக்கத்தில்தான் இருந்தது.

நான்கு வரியில் மகசர் எழுதினேன். ஒரு சாட்சி மிராசுதார், மறு சாட்சி அஞ்சலை. மூன்று விரலால் பேனாவைப் பிடித்து அவர் கையெழுத்துப் போட நேரமானது. மிராசுதார் அந்தக் கையைப் பார்த்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். அரக்கை உடைத்தேன். பையிலிருந்து குப்பிகளை எடுத்து மேஜையில் வைத்தேன்.

"இது எப்ப வந்துச்சுங்க?" என்றார் அஞ்சலை.

"ஆடியில."

"எனக்குக் கடிச்சது ஐப்பசி."

"ஆமா."

"அன்னிக்கு இல்லைன்னீங்க."

"ஆமா."

அவர் கையை நீட்டினார். "குடுங்க. என்ன செய்யணும்?"

இளைஞர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. உலர் சீரத்தில் தண்ணீரை ஊற்றியதும் குலுக்கக் கூடாது. குலுக்கினால் நுரைக்கும், நுரைத்தால் புரதம் சிதையும், அந்த நுரையை ஊசியில் இழுக்கவும் முடியாது. உள்ளங்கைச் சூட்டில் வைத்து வட்டமாக, மிக மெதுவாக உருட்ட வேண்டும். ஒரு குப்பி தெளிய கால் மணி நேரம்கூட ஆகும். ஐந்து குப்பியை ஒரே ஆள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரைத்தால் நோயாளி காத்திருக்க மாட்டார். சிஸ்டரும் டாக்டரும் டிரிப் போடுவதிலும் டெஸ்ட் டோஸுக்கு ஆயத்தம் செய்வதிலும் இருந்தார்கள். நான் ஐந்திலும் தண்ணீரைச் செலுத்தி, ஒன்றை நான் வைத்துக்கொண்டு, மற்றதைக் கைக்கு ஒன்றாகக் கொடுத்தேன். அஞ்சலைக்கு ஒன்று, மிராசுதாருக்கு ஒன்று, கார் டிரைவருக்கு ஒன்று, பாம்புச் சாக்கைக் கீழே வைத்துவிட்டு வந்த சங்கத்துக்காரருக்கு ஒன்று. உட்கார ஒரே பெஞ்சுதான் இருந்தது. உட்கார்ந்தார்கள்.

"கோவமா ஆட்டுனா நுரைக்கும். நுரைச்சா அது வீண்," என்றேன்.

மிராசுதார் தன் குப்பியை விட்டு அடுத்தவர் குப்பியைப் பார்த்தார். "மெதுவா, அஞ்சலை."

"எங்களுக்குச் சொல்லித்தர வேணாங்க. உங்களுக்கு முன்னாடி நாங்க வேகமா நடந்ததே இல்ல. நீங்க உங்களதப் பாருங்க, நுரைக்கிது."

நுரைத்துத்தான் இருந்தது. அவர் கையை நிறுத்தி, மூச்சை அடக்கி, மறுபடி மெதுவாகத் தொடங்கினார். ஐந்து பேர் உள்ளங்கைக்குள் ஐந்து குப்பியை வைத்து உருட்டிக்கொண்டிருந்தோம். முதலில் தெளிந்தது அஞ்சலையுடையது. அதைத்தான் டாக்டர் முதலில் ஏற்றினார்.

பொழுது சாய்வதற்குள் ஈறில் ரத்தம் நின்றது. மேலும் மூன்று குப்பி ஏற்றி, சாலையிலிருந்து பனைமரங்களை இழுத்துப் போட்டுவிட்டு, அவரைத் தாலுகா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். மீதி இரண்டு குப்பியும் மாசியில் ஒரு வைக்கோல்காரருக்குச் செலவாயின. காரியக்காரர் பிழைத்து வந்து திருந்தியதாக யாரும் நினைக்க வேண்டாம். இரண்டாவது வாரமே சாலை மறியலுக்காகச் சங்கத்தின்மேல் புகார் கொடுத்தார். பனைமரத்தால் தன் உயிருக்கு ஆபத்து நேர்ந்தது என்று அதில் எழுதியிருந்தார். அது உண்மையும்கூட.

என் மகசரின் நகல் எப்படியோ தாசில்தாரிடம் போய்ச் சேர்ந்தது. இரு தரப்பாரும் ஒரே தாளில் கையெழுத்திட்டதை அவர் தன் அறிக்கையில் பேச்சுவார்த்தையில் ஏற்பட்ட முன்னேற்றம் என்று சேர்த்துக்கொண்டார். டாக்டருக்குத் தண்டனை இடமாற்றம், அவர் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த ஊருக்கே. எனக்கு ஒரு கண்டனம், பணிப்பதிவேட்டில் இன்னும் இருக்கிறது. அது முத்திரையை உடைத்ததற்காக. உடைக்காமல் இருந்ததற்காக என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

6. பதில்

நான் கற்றது இவ்வளவுதான். விதியைத் தெரிந்து வைத்திருப்பது வேறு, தேவைப்படும் நாளில் அதைத் தேடுவது வேறு. மிராசுதாரின் ஆளுக்காக எனக்கு நினைவு வந்த துணைவிதி, நடவுக்காரப் பெண்ணுக்காக நினைவு வரவில்லை. மறதி என்று நான் சொல்லிக்கொள்ளலாம். அஞ்சலை அப்படிச் சொல்ல மாட்டார். மேலதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் நையாண்டி தோன்றினால், எழுதிப் பார்த்து ரசித்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள். உங்களுக்கும் அவருக்கும் நடுவே ஒரு நோயாளி வந்து நிற்கக்கூடும்.

ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டு, நாற்றங்கால் வேலை தொடங்கியிருந்த அடுத்த வருட ஆடியில் ஒரு நாள். குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் வெட்டிய இடம் குடைகிறது என்று களிம்பு வாங்க அஞ்சலை வந்திருந்தார். களிம்பை அடைத்துக்கொண்டிருந்தபோது தபால் வந்தது. என் விளக்கத்துக்குப் பதில். வாசித்தேன்.

"என்ன எழுதியிருக்காங்க?" என்றார் அஞ்சலை. "மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு."

அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "மேற்படி பத்துக் குப்பிகளும் உலர்ந்த நிலையிலேயே தயாரிக்கப்பட்டவை என வல்லுநர் கருத்துப் பெறப்பட்டுள்ளது. எனவே முத்திரையை நீக்கி அவற்றைப் பயன்படுத்த இதன்மூலம் அனுமதி வழங்கப்படுகிறது. இனிவரும் விளக்கங்களில் கால்நடை உவமைகளைத் தவிர்க்கவும்."

அவர் களிம்பு டப்பாவை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். போகவில்லை.

"வந்த தேதி போட மாட்டீங்களா?"

"போடணும்."

"நல்லாத் தெரியிற மாதிரி போடுங்க. எனக்குக் கடிச்ச தேதி எனக்குத் தெரியும்."

கடிதத்தின் மேல் மூலையில், அவர் பார்த்துக்கொண்டிருக்க, பெரிதாக எழுதினேன்: 3.8.1971.